நிழற்படம் படக்கதையாதல்: நெய்தற் கரையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கலை பயிலும் மாணவர் இந்நாளில் மேற்கொள்ளும் செய்முறைப் பயிற்சிகளுள் ஒன்று, அன்றாட வாழ்விற் பிடித்த நிழற்படங்களைப் படக்கதையாக மாற்றுதல். கைப்பேசியில் எடுத்த படங்களுட் சிலவற்றைத் தெரிந்து, அவற்றின் வடிவங்களைக் கோடாகப் படியெடுத்து, கட்டங்களில் நிரல்பட அமைத்து, மாந்தர் வாயருகே குமிழ் வரைந்து பேச்சினைப் பெய்தல் அதன் முறை. படத்தை நொடியிற் கோட்டோவியமாக்கித் தரும் செயலிகளும் வந்துவிட்டமையால், வரையும் கை வாயாதாரும் இதனைச் செய்யலாகும். இஃது ஓவியத் துறையார்க்குரிய பொருள். தமிழ்த் துறைக்கு இதிற் பணி என்னை என வினவலாம்.

படத்தைக் கோடாக்குதல் ஓவியன் தொழிலே. ஆயின், எப்படத்தை முன் வைப்பது, எதனை விடுப்பது, யார் வாயில் எச்சொல்லை வைப்பது, யாரைச் சுட்டிக் காட்டுவது, யாரைச் சுட்டாது விடுவது என்பன செய்யுள் செய்வோன் தொழில்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய 34 உறுப்புக்களுள் எழுத்து, அசை, சீர் முதலியன ஓசை பற்றியன. கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம், மாட்டு என்பன ஓசை பற்றியன அல்ல. ஒரு நிகழ்ச்சியை ஒருவன் பிறர்க்கு உணர்த்தும் கலை எதுவாயினும், அதற்கு இவை வேண்டப்படும். ஆகவே படக்கதையைத் திறனாய்வதற்கு வேண்டும் அளவுகோல் நம்மிடமே உள்ளது.

இக்கட்டுரை நிறுவக் கருதுவது ஒன்றே. நிழற்படம் இயல்பாகப் புறத்தின் பாற்படும். இன்னார், இன்ன இடம், இன்ன பொழுது என்று சுட்டுதல் அதன் தன்மை. படக்கதையோ அகத்தின்பாற் செல்ல வல்லது. ஒருவர் வாழ்வைக் காட்டி அவர் போன்றார் அனைவர் வாழ்வையும் உணர்த்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஒன்று மற்றொன்றாகும் அவ்விடத்தில் ஆசிரியன் எதனைச் சுட்டினான், எதனை விட்டான் என்பதைக் கொண்டே அப்படைப்பு மதிப்பிடப்படல் வேண்டும். இதற்குச் சான்றாக இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். வழிபட வருவோரும் செய்தியாளரும் ஓயாது படம் பிடிக்கும் கரை அது. படத்தினால் அங்கு வாழ்வார்க்கு நன்மையும் தீமையும் நேரக்கூடிய கரையும் அதுவே.

1. சேதுபதி மாளிகைச் சுவர்கள்

தமிழகத்தில் அச்சிட்ட படக்கதை வேரூன்றிய வரலாறு அண்மைக் காலத்தது. 1972இல் சிவகாசியினின்று வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், இங்கிலாந்து நாட்டுக் கதையாகிய இரும்புக்கை மாயாவியை முன்னிட்டே வாசகரைப் பெற்றது. அவ்வகைக் கதைகளின் களம் நம் தெருவும் கரையும் அல்ல. எனினும், படங்களை நிரலே நிறுத்தி நிகழ்ச்சி உரைக்கும் முறை நம்மவர்க்குப் புதியதன்று. அதற்கு இராமநாதபுரத்திலேயே சான்று உளது.

இராமலிங்க விலாசம் என்னும் சேதுபதி மாளிகையின் சுவர்களும் விதானமும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய ஓவியங்களால் நிறைந்தவை. முத்து விசய ரகுநாத சேதுபதி காலத்தன அவை என்பர். தஞ்சை மராத்தியரோடு நிகழ்ந்த போர், ஐரோப்பியர் அரசனைக் காண வந்த அவை, தேவியினிடமிருந்து அரசன் செங்கோல் பெறுதல், இராமாயண பாகவதக் காட்சிகள், அரசன் மகளிரோடு பொழுது போக்குதல் ஆகியன அங்குத் தீட்டப்பட்டுள்ளன. கட்டம் கட்டமாகப் பிரித்தமைத்தலும், காட்சிகளைத் தமிழ் எழுத்தால் விளக்குதலும் அங்குக் காணப்படும். இன்று அம்மாளிகை தமிழக அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது.

இவ்வோவியங்களில் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. போரும் அவையும் தீட்டப்பட்ட இடத்தில் அரசன் இன்னான் என அறியப்படுதல் இன்றியமையாதது. அறியப்படாவிடின் அச்சுவருக்குப் பயனில்லை. அது புறம். மகளிரொடு கழியும் இன்பப் பொழுது தீட்டப்பட்ட இடத்திலோ, காண்பான் நெஞ்சில் நிற்பது எந்த அரசன் என்பதன்று, இன்பமே. ஒரே மாளிகை, ஒரே வண்ணம், ஒரே கைவினைஞர் மரபு. ஆயினும் பொருளுக்கேற்பச் சுட்டின் வன்மை வேறுபடுகின்றது. படக்கதை ஆசிரியன் முதற்கண் கற்க வேண்டிய பாடம் இதுவே.

2. முதல், கரு, உரி

இராமேசுவரம் சென்று மீள்வோர் பலர் தனுஷ்கோடியைப் படம் பிடிக்கின்றனர். 1964 திசம்பர் 22, 23ஆம் நாட்களில் வீசிய பெரும்புயல் அவ்வூரை அழித்தது. இடிந்த தேவாலயமும் தொடர்வண்டி நிலையத்தின் எச்சங்களும் இன்றும் நிற்கின்றன. அப்படங்களில் மணல், கடல், வானம், இடிபாடு என்பனவே பெரும்பாலும் அமையும். தமிழ் இலக்கண முறையிற் கூறின், நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் மட்டுமே அங்கு உளது. வாழத் தகாத இடம் என அரசு அறிவித்த பின்னரும் அங்குக் குடிசை கட்டி மீன்பிடித்து வாழ்வோர் உளர். அவர்தம் வலை, வத்தை, தண்ணீர்க் குடம், உலர்மீன் பரப்பிய மணல் என்பன கருப்பொருள். இவை படத்திற் புகுந்தாலன்றி அன்றாட வாழ்வு புகாது. இடிபாட்டை மட்டும் கோடாக்கிக் கட்டத்தில் அடைத்தவன் நிலத்தைக் காட்டினானே அன்றித் திணையைக் காட்டினான் அல்லன்.

இனி, உரிப்பொருள் எங்ஙனம் தோன்றும்? நெய்தலுக்கு இரங்கல் உரியது. கரையில் ஒரு பெண் கடலை நோக்கி அமர்ந்திருக்கும் தனிப்படம் ஒன்றைக் கருதுக. அவள் இளைப்பாறுகின்றாளா, மீன் விலைபேச வந்தாளா, மீளாத படகை நோக்குகின்றாளா என்பதனை அப்படம் கூறாது. அதற்கு முன்னர்ப் படகு புறப்படும் படமும், பின்னர் ஏனைய படகுகள் கரை சேர்ந்து மீன் இறக்கும் படமும், அதன் பின்னரும் அவள் அவ்விடத்தே இருக்கும் படமும் நின்றால், எவரும் ஒரு சொல்லும் சொல்லாமலே இரங்கல் தோன்றும். 1974, 1976ஆம் ஆண்டு உடன்பாடுகளால் இந்திய இலங்கைக் கடலெல்லை வரையறுக்கப்பட்ட பின்னர், எல்லை கடந்தனர் என்னும் காரணத்தாற் படகொடு சிறைப்படும் மீனவர் செய்தி இக்கரையிற் பலகாற் கேட்கப்படுவது. ஆகலின் அவ்விரங்கல் கற்பனையும் அன்று.

இதனாற் பெறப்படுவது யாது? முதலும் கருவும் தனிப்படத்தில் அடங்கும்; உரிப்பொருளோ படங்களுக்கு இடையே பிறக்கும். கட்டத்திற்கும் கட்டத்திற்கும் நடுவே விடப்படும் வெள்ளிடை வெறும் இடைவெளி அன்று, அது எச்சம். கூறாது விட்டதனைக் காண்பான் தன் குறிப்பால் நிரப்பிக்கொள்ளும் இடம் அது. அவ்விடத்தையும் உரையால் நிரப்பி, அவள் கணவன் வரவில்லை என்று விளக்கம் எழுதிவிடும் மாணவன், செய்யுளைச் செய்து உடனே அதற்குப் பொழிப்பும் எழுதியவன் ஆவான்.

3. காலமும் மாட்டும்

வெள்ளிடையில் வாசகன் நிரப்பிக்கொள்வான் என்பதனால் ஒரு தீங்கும் உளது. அவன் நிரப்புவது பொய்யாகவும் அமையலாம். இராமேசுவரம் துறையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அக்காலத்தில் எடுத்த படமாயின் அது ஆண்டுதோறும் நிகழும் ஓய்வு. வாரநாட்களை விசைப்படகும் நாட்டுப்படகும் பகுத்துக்கொள்ளும் வழக்கம் பாக்கு நீரிணைக் கரையில் உண்டு. விசைப்படகுக்குரியதல்லாத நாளில் எடுத்ததாயின் அது வாரந்தோறும் காணும் காட்சி. புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிய நாளில் எடுத்ததாயின் அஃது அச்சம். மீனவர் சிறைப்பட்டமையைக் கண்டித்து வேலை நிறுத்திய நாளில் எடுத்ததாயின் அஃது எதிர்ப்பு. படம் ஒன்றே, பொருள் நான்கு.

தடைக்காலப் படத்தை எடுத்து, அதன் பின்னர்ச் சிறைப்பட்டார் குடும்பத்தார் அழும் படத்தை நிறுத்தினால், கட்டங்கள் தம்முள் இயைந்து நிற்கும். காண்பான் நெஞ்சும் உருகும். ஆயின் அவ்வியைபு மெய்யன்று. அகன்று கிடப்பினும் அணுகிக் கிடப்பினும் பொருளைக் கொண்டு கூட்டி முடித்தலை மாட்டு என்றனர். மாட்டுக்கு உரிமை உண்டு. ஆயின் கூட்டப்படுவன ஒரு பொருள்மேல் வருவனவாதல் வேண்டும். அன்றாடப் படங்களைக் கொண்டு கதை செய்வோன் பருவத்தை மாற்றியமைத்தால், அம்மாற்றத்தைக் கட்டத்தின் மேற்புறத்தில் ஒரு சொல்லாலேனும் அறிவித்தல் கடன். புனைகதை ஆசிரியனுக்கு இக்கடன் இல்லை. அவன் மெய்யுருவைக் கடன் வாங்கவில்லை; இவன் வாங்கியுள்ளான்.

4. கூற்றுக்குரியார்

நிழற்படத்தின்மேல் குமிழிட்டுக் கதை கூறும் இதழ்கள் இத்தாலி நாட்டில் 1947 முதல் பெருகின. அவற்றில் தோன்றியோர் நடிகர். பேசுவதற்கென்றே படத்தில் நின்றவர்கள். அவர்கள் வாயிற் சொல் வைத்தல் குற்றமாகாது. அன்றாட வாழ்வில் எடுத்த படத்தில் நிற்பவரோ அங்ஙனம் ஒப்பி நின்றவர் அல்லர். பாம்பன் கரையில் மீன் ஏலங் கூறுவோர், அக்கினி தீர்த்தத்தில் நீராடுவோர், 22 தீர்த்தங்களுக்கும் ஈர உடையோடு வரிசையில் நகர்வோர் ஆகியோர் படத்திற் பட்டனர் என்பதனாலேயே நம் கதையின் மாந்தர் ஆகிவிடார்.

இங்கு அகத்திணை மரபு நமக்கு வழிகாட்டுகின்றது. தலைவனும் தலைவியும் தோழியும் பிறரும் கூற்று நிகழ்த்துவர். ஊரார், அயலார், தந்தை, தமையன் முதலியோர்க்கு நேரே கூற்று இல்லை. அவர் சொற்கள் பிறர் எடுத்து மொழியும் வழியே செய்யுளுட் புகும். ஊரார் அலர் தூற்றினர் என்பதனைத் தலைவியோ தோழியோ கூறக் கேட்கின்றோம். ஊரார் வாய் திறந்து நம்மொடு பேசுவதில்லை. இது யாப்பின் நெறி மட்டும் அன்று. யார் சொல்லுக்கு யார் பொறுப்பு என வரையறுத்த நெறியும் ஆகும்.

இதனைப் படக்கதைக்கு இயைத்து நோக்கினால் தெளிவான விதி ஒன்று கிடைக்கும். தன் வாழ்வைச் சொல்ல உடன்பட்டவர்க்கே குமிழ் உரியது. உடன்படாது படத்திற் பட்டார் கதைக்கு வேண்டப்படின், அவர் பற்றிய செய்தி உடன்பட்டார் ஒருவர் வாய்மொழியாகவே வருதல் வேண்டும். நீர்த்துறை வரிசையில் நிற்கும் முதியவள் வாயில் நகைச்சுவைச் சொல் ஒன்றைப் பெய்து சிரிப்பூட்டுதல் எளிது. சிரித்தவன் மறந்துவிடுவான், அச்சொல்லை அவள் சொல்லவில்லை என்பது மட்டும் மாறாது. கடற்கரை மக்களின் பேச்சு வழக்கை அரைகுறையாகக் கேட்டுக் குமிழுக்குள் திரித்தெழுதுவதும் இவ்வகைத் தீங்கே.

5. வேம்பும் படகின் எண்ணும்

அகத்திணையிற் சுட்டி ஒருவர் பெயர் கொள்ளப்படுதல் இல்லை. இம்மரபின் நுட்பத்தை நெடுநல்வாடை நன்கு காட்டும். பிரிந்த தலைவி துயருறுதலும் பாசறையில் வேந்தன் உறங்காமையும் கூறும் அப்பாட்டு, அகப்பொருளே நுவல்வது போல நடக்கின்றது. எனினும், வேலின் தலையில் வேம்பு சூட்டிய செய்தி வருதலின் பாண்டியன் சுட்டப்பட்டான் என்றும், அதனால் அது புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் கொண்டனர். பெயர் கூறப்படவில்லை; ஓர் இலை மட்டுமே கூறப்பட்டது. அவ்வொரு குறி பாட்டின் திணையையே மாற்றிவிட்டது.

இந்நுட்பத்தின் பயனை மன்னார் வளைகுடாக் கரையிற் காண்போம். அங்கு மகளிர் பலர் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வாழ்கின்றனர். மரிக்கொழுந்து என அவர் வழங்கும் பாசி அவற்றுள் ஒன்று. விரல்களிற் சுற்றிய துணி, கண்களை மூடிய நீர்க்கண்ணாடி, இடுப்பிற் கட்டிய வலைப்பை ஆகியவற்றோடு அவர்கள் கடலுள் இறங்கும் காட்சியை நிழற்படக் கலைஞர் மு. பழனிகுமார் பாரி என்னும் ஊரக இதழியல் வெளியீட்டில் 2019இல் படக்கட்டுரையாகத் தந்துள்ளார். ஆயின் அவ்வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை; தீவுகளை அணுகிப் பாசி எடுத்தல் தடைக்கு உட்பட்டது. எனவே, இன்ன பெண் இன்ன தீவின் அருகே இன்ன நாளில் நின்றாள் என்று காட்டும் படம், அவள் உழைப்புக்குச் சான்றாவது போலவே அவள்மேல் வழக்குக்கும் சான்றாகக் கூடும்.

கோட்டோவியத்தின் தேவை இங்கே தெளிவாகின்றது. முகத்தை மாற்றி, கையையும் துணி சுற்றிய விரலையும் வலைப்பையையும் மாற்றாது வரையின், உழைப்பு நிலைபெறும், உழைத்தாள் காக்கப்படுவாள். புறம் அகமாயிற்று. ஆனால் முகத்தை மட்டும் மாற்றி, பின்னே நிற்கும் படகின் பதிவெண்ணையோ, தீவின் தனிவடிவையோ, கோயிற் கொடியையோ அவ்வாறே படியெடுத்தால், அது வேலின் வேம்பு போல் அனைத்தையும் சுட்டிவிடும். நொடியிற் படத்தை ஓவியமாக்கும் செயலியின் குறை ஈண்டே உளது. அது தோலின் நிறத்தையும் நிழலையும் மாற்றும். எண்ணையும் வடுவையும் வடிவையும் விடாது கோடாக்கும். ஓவியம் போன்ற தோற்றம் கிட்டும். ஓவியம் தரவேண்டிய காப்பு கிட்டாது. தெரிந்து விடுத்தல் அறிவுடையான் செயல்.

சுட்டாமையே எங்கும் சிறப்பு என்று கொள்ளற்க. கரையில் ஒரு குடும்பம் தன் தந்தை படகோட்டிய வரலாற்றைத் தன் பெயராலேயே சொல்ல விரும்பின், அப்பெயரை நீக்குதல் அக்குடும்பத்துக்கு இழைக்கும் இழுக்கு. பாடாண் விரும்பினாரை அகத்துள் மறைத்தல் தகாது.

6. இரு நூல்களின் ஒப்பீடு

மேற்கூறிய அளவுகோலை இரு நூல்கள்மேல் வைத்து நோக்குவோம். ஒன்று பிரெஞ்சு மொழியில் 2003 முதல் 2006 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘நிழற்படக் கலைஞர்’ என்னும் பொருள்படும் நூல். திதியே லெஃபேவ்ர் என்பார் 1986இல் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பினரோடு ஆப்கானித்தானம் சென்று ஏறத்தாழ 4000 படங்கள் எடுத்தார். அந்நாளில் செய்தித்தாளில் வெளிவந்தன ஆறே. பின்னர் ஓவியர் எம்மானுவேல் கிபேர் அப்படங்களைக் கோடாக மாற்றாமல், அவ்வாறே கட்டங்களில் நிறுத்தி, படம் பிடிபடாத இடங்களை மட்டும் ஓவியத்தால் இணைத்தார். பிரெதெரிக் லெமெர்சியே பக்கங்களை அமைத்து வண்ணம் தீட்டினார். கண்டது எது, நினைவிலிருந்து கூறியது எது என்பதை வாசகன் ஒவ்வொரு பக்கத்திலும் பிரித்தறிய இயலும். இது புறநூல், சுட்டுதலை மறைக்காத, எச்சத்தை நேர்மையாகக் காட்டிய நூல்.

மற்றொன்று 2019இல் வெளிவந்த ‘வன்னி’. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளராக வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை முதல் 2009ஆம் ஆண்டுப் போர்முடிவு வரை ஈழத்தமிழ்க் குடும்பத்தாரின் துயரைக் கூறுவது. பலர் தந்த சாட்சியங்களைத் திரட்டிப் புனைந்த குடும்பம் அது. சாட்சி சொன்னார் ஒருவரையும் சுட்டாது, சொல்லப்பட்ட துயரம் ஒன்றையும் விடாது அமைத்தமையால் அது அகநெறி சார்ந்தது. அந்நூலிற் காணும் துயரின் மறுகரையே நாம் நோக்கிவரும் கரை. போர்க்காலத்தில் கடல் கடந்தோர் பலர் மண்டபம் முகாம் வழியாகவே தமிழகம் புகுந்தனர். 2022ஆம் ஆண்டு இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போதும் தனுஷ்கோடியை அடுத்த மணல்திட்டுக்களில் மக்கள் வந்திறங்கினர். அவர்தம் முகங்கள் செய்திப் படங்களிற் பரவியதனை நினைப்பின், சுட்டாது வரைந்த நெறியின் அருமை புலனாகும்.

எனினும் இந்நூலுக்கும் ஒரு குறை உண்டு. மாந்தர் தமிழர்; அவர் கூற்று ஆங்கிலம். பிற நாட்டாரைக் கேட்போராகக் கொண்டமையின் இது நேர்ந்தது எனலாம். வன்னித் தாய் ஒருத்தி மகனை அழைக்கும் சொல்லுக்கு உரிய ஈரம் மொழிமாற்றத்தில் நில்லாது. கூற்றும் கேட்போரும் என்னும் ஈருறுப்புக்களுள் பின்னதற்காக முன்னது நெகிழ்ந்தது. இக்கரைப் படங்களைக் கொண்டு நம் மாணவர் செய்யும் படக்கதை பெறக்கூடிய தனிச்சிறப்பு இங்கேதான் உளது. கரையிற் பேசுவோர் மொழியே குமிழின் மொழியாகவும், அதனை முதலிற் படிப்போர் அக்கரையினராகவும் அமைக்க அவர்களால் இயலும். வரைந்த கட்டங்களைப் படத்திற்குரியாரிடம் காட்டி, அவர் சொல் அவருடையதே என உறுதி பெற்ற பின்னர் வெளியிடுதலும் நிகழக் கூடியதே. கேட்போரே சான்றாளரும் ஆகும் நிலை, தொலைநாட்டு நூலுக்கு எளிதில் வாயாதது.

முடிவுரை

நிழற்படத்தைப் படக்கதையாக்கும் முயற்சியை மதிப்பிடப் புகுவார், கோடு செவ்விதா, வண்ணம் இனிதா என்பதனோடு அமைதல் ஆகாது. கருப்பொருள் புகுந்ததா, உரிப்பொருள் வெள்ளிடையில் தோன்ற விடப்பட்டதா, காலம் திரியாது மாட்டுப் பொருந்தியதா, குமிழ் உடன்பட்டார்க்கே உரியதாயிற்றா, வேம்பு போன்ற குறிகள் ஆராய்ந்து கொள்ளவும் தள்ளவும் பட்டனவா என ஐந்து வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்வைந்தும் தமிழ்ப் பொருளிலக்கணம் முன்னரே எழுப்பிய வினாக்கள். அவ்விலக்கணத்தைப் பழம்பாட்டுக்கு மட்டும் உரியதாகப் பூட்டிவைத்தல் அதற்குச் சிறப்பன்று. பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் முகத்தை வரைவதா, விடுவதா என்று இளைஞன் ஒருவன் கோலை உயர்த்தித் தயங்கும் பொழுதில், அவனுக்கு விடைகூற வல்லதாதலே அவ்விலக்கணத்துக்குச் சிறப்பாகும்.